பசையில் ஒரு சிலுவை

பசை குளிர்விப்பதில்லை, மேடம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் உங்கள் தாளில் 'குளிர்விக்கும் பசை' என்றே எழுதியிருக்கிறீர்கள். முடிந்தால் அதைத் திருத்திவிடுங்கள். கம்ப்யூட்டரின் புராசஸர் ஓட ஓடச் சூடேறும். அதன் தலைமேல் ஓர் அலுமினியக் கட்டி, கட்டியின் மேல் காற்றாடி. புராசஸரின் மேல்பக்கமும் கட்டியின் அடிப்பக்கமும் பார்க்க வழவழவென்றுதான் இருக்கும். ஆனாலும் ஒன்றோடொன்று சரியாகப் படியாது, நடுவில் மெல்லிசாகக் காற்று நிற்கும். காற்று நின்றால் சூடு மேலே ஏறாது. பசை அந்த இடைவெளியை அடைத்து, சூடு தாண்டிப்போக வழி செய்கிறது, அவ்வளவுதான். குளிர்விப்பது காற்றாடியின் வேலை. இருபது வருடமாக வாடிக்கையாளர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

நீங்கள் கேட்டது இது இல்லை, தெரியும். பின்தெரு மகப்பேறு கிளினிக்கில் ஒரு குழந்தை இறந்துபோனது. குழந்தைகளின் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் சூடேறி நின்றுபோனதால் இறந்தது. அதைத் திறந்து பார்த்தால், பசை இருக்க வேண்டிய இடத்தில் பல் துலக்கும் பேஸ்ட் இருந்தது. அதற்காக என் கூட்டாளி எபனேசர் அடுசேய் இந்தப் போலீஸ் ஸ்டேஷனின் பின்பக்கத்தில் பதினெட்டு நாளாக அடைபட்டிருக்கிறான். நான் உண்மையைச் சொன்னால் அவன் இன்று சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம், சொல்லாவிட்டால் வருடக்கணக்கில் உள்ளே கிடப்பான் என்கிறீர்கள். அப்படியானால் சொல்லிவிடுகிறேன். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குமாசியில் அசாஃபோ பகுதியில், டயர் கடைகளுக்கு எதிர்வரிசையில் எங்கள் கடை. பலகையில் 'மெதுவாக ஆனால் நிச்சயமாக கம்ப்யூட்டர்ஸ்' என்று இருக்கும். பெயர் வைத்தது நான்தான். கடை திறந்த வாரத்திலிருந்தே டயர்க்காரர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. "மாஸ்டர், கம்ப்யூட்டர் மெதுவா ஓடுதுன்னுதானே உங்ககிட்ட தூக்கிட்டு வர்றாங்க? நீங்க போர்டுலயே மெதுவான்னு எழுதி வச்சா எப்படி?" என்பார்கள். எபனேசர் உள்ளேயிருந்து பதில் கொடுப்பான்: "மெதுவா ஓடினாலும் வீடு போய்ச் சேரும்யா. உன் டயர் மாதிரி பாதி வழியில வெடிக்காது." அந்தச் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆகும். அவன் வாய்க்காரன், நான் வேலைக்காரன். அப்படியே பதினோரு வருடம் ஒரே பெஞ்சில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம்.

சொந்தக் கடை நொடித்துப்போய் என்னோடு வந்து சேர்ந்தவன் அவன். வேலை தெரிந்த ஆள், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் மெதடிஸ்ட் சபையில் நான் காணிக்கைத் தட்டு எடுத்துப் போகிறவன். அவன் அம்மா அதே சபையில் பாடகர் குழுவுக்குத் தலைவி. ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா முதல் அடியை எடுத்தால் கூரைத் தகடு அதிரும். என் பிள்ளைகள் எபனேசரைச் சித்தப்பா என்று கூப்பிடுவார்கள். நான் என்ன சொல்ல வருகிறேன் என்றால், அவனைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இருக்கவில்லை, அல்லது இருந்திருக்கக் கூடாது.

இப்போது பசை வைக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் படம் அதைப் பற்றியதுதான். பசை வைப்பதில் ஒவ்வொருவனுக்கும் ஒரு கை உண்டு. ஒருவன் நடுவில் அரிசி அளவுக்கு ஒரு புள்ளி வைப்பான். ஒருவன் கோடு இழுப்பான். நான் காலாவதியான ஏடிஎம் அட்டையால் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதுபோல் தடவிவிடுவேன். எபனேசர் சிலுவை போடுவான். மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. "ஞானஸ்நானம் குடுத்தாச்சு, இனிமே சாத்தான் அண்டமாட்டான்" என்று சொல்லித் திருகாணியை முடுக்குவான். கட்டி அழுத்தியதும் பசை பரவிவிடும். ஆனால் காய்ந்த பிறகு பிரித்துப் பார்த்தால், பழகிய கண்ணுக்கு அந்தச் சிலுவையின் நாலு கையும் தடிப்பாகத் தெரியும். குமாசியில் கம்ப்யூட்டர் திறக்கிற எவனும் அதைப் பார்த்ததும் 'எபனேசர் கை' என்றுதான் சொல்வான். கிளினிக் மெஷினைத் திறந்தவனும் அதைத்தான் சொன்னான்.

போன அக்டோபரில் எபனேசர் மாறினான். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை ஆனால் எழுந்துவிடுவான்.

"எங்கடா?"

"ஒரு சின்னச் சோலி அண்ணே. ரெண்டு மணிக்கெல்லாம் வந்துடறேன்."

இரண்டு மணிக்கு வந்தும் விடுவான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் வரும்போது முகம், கை, கால் எல்லாம் கழுவியிருக்கும். சட்டையில் ஏதோ வாசனை அடிக்கும். பெஞ்சுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருந்தான். அவன் வெளியே போன நேரம் பார்த்து அதைத் திறந்தேன். இஸ்திரி போட்ட வெள்ளை அங்கி ஒன்று மடித்து வைத்திருந்தது. வாரத்தில் ஒருநாள், ஒன்றரை மணி நேரத்துக்கு, வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு யாரைப் பார்க்கப் போவான்? பெரிய இடத்து ஆளைத்தான். பிறகு போன். முன்பெல்லாம் பெஞ்சிலேயே உட்கார்ந்து தெருவுக்கே கேட்கும்படி பேசுகிறவன், இப்போது எழுந்து டயர் குவியல் பக்கம் போய்ப் பேசினான். அதுவும் ஹவுஸா பாஷையில். அவனுக்கு ஹவுஸாவில் பேரம் பேசத் தெரியும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். இப்போது சிரித்துச் சிரித்துப் பேசுகிற அளவுக்குத் தேறியிருந்தான்.

ஹவுஸாக்காரர்கள் குடியிருக்கும் சோங்கோவில் யாரோ ஒரு பெரிய கம்ப்யூட்டர் கடை திறக்கப்போகிறார்கள், நல்ல கைக்காரன் தேடுகிறார்கள் என்று டயர்க்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன், இவன் என்னை விட்டு அங்கே போகப்போகிறான் என்று பட்டது. நீங்களும் சேர்த்திருப்பீர்கள், மேடம், உங்கள் வேலையே அதுதானே.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அவன் பின்னாலேயே போனேன். சோங்கோ சந்தில் ஒரு தையல் கடை வாசலில் நின்றான். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். இருவரும் நின்று பேசினார்கள், அவள் எதையோ சொல்ல அவன் தலையை ஆட்டினான். பக்கத்துக் கடையின் ஷட்டர் இறக்கியிருந்தது, 'வாடகைக்கு' என்று சுண்ணாம்பில் எழுதியிருந்தது. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவன் அங்கிருந்து இன்னும் மேலே நடந்தான், நான் திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் நாங்கள் டொமெடோ வாங்குவது வழக்கம். வெங்காயமும் மிளகாய்த் தூளும் தூவிய பன்றி வறுவல். பெயரே 'என்னை நேசி' என்று இருக்கிற கறி. ஒரே பொட்டலம், இரண்டு பேரும் கைவிட்டு எடுப்போம், கடைசித் துண்டுக்குச் சண்டை போடுவோம். அவன் அதைத் தொடுவதை நிறுத்தினான்.

"எடுத்துக்கோடா."

"வேணாம் அண்ணே. வயிறு சரியில்ல."

"மூணு வாரமா சரியில்லாத வயிறு என்னடா வயிறு? மாசமா இருக்கியா?"

சிரித்தான். ஆனால் எடுக்கவில்லை. நான் மட்டும் முழுப் பொட்டலத்தையும் தின்றேன். அன்றைக்குத்தான் எனக்குத் தீர்மானமாகத் தெரிந்தது. ஒருவனை விட்டுப் போகப்போகிறவனுக்கு அவன் கையால் வாங்கித் தின்ன மனசு வராது. அந்த அளவுக்காவது எபனேசருக்கு மனசாட்சி இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். வலித்தது, மேடம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி காய்ச்சலா என்று கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

நேராகக் கேட்டிருக்கலாமே என்று காலையிலிருந்து நான்கு தடவை கேட்டுவிட்டீர்கள். பதினோரு வருடம் எதிரே உட்கார்ந்தவன் தானாகச் சொல்ல வேண்டும். கேட்டு வாங்கினால் அதற்கு என்ன மதிப்பு? நான் கேட்டால் 'ஒரு சின்னச் சோலி அண்ணே' என்பான். ஊரே கேட்டால் சொல்லித்தானே ஆக வேண்டும்? எபனேசர், வெள்ளிக்கிழமை மதியம் நீ எங்கே போகிறாய்? இந்த ஒரு கேள்வியை நாலு பேர் நடுவில் யாராவது அவனிடம் கேட்க வேண்டும் என்று விரும்பினேன். அதற்கு ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது.

பல் பேஸ்ட் விஷயம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பசை தீர்ந்துபோன அவசரத்துக்கு வைத்துவிட்டு மறுநாள் மாற்றிவிடுவார்கள். முதல் வாரம் அது நன்றாகவே வேலை செய்யும். பிறகு ஈரம் வற்றும். வறண்ட ஹர்மட்டான் காற்றில் மனுஷன் உதடே வெடிக்கிறது, பேஸ்ட் எம்மாத்திரம்? சுண்ணாம்பாகிவிடும். ஜனவரியில் கடையில் கிடந்த பழைய மெஷின் ஒன்றில் வைத்துப் பார்த்தேன். மூலைகளை வெறுமையாக விட்டு, சிலுவை மாதிரி. பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் வெயில் ஏறி, மணி ஒன்றாகும்போது நின்றது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அந்தத் தடவையும் பதினோராம் நாள்தான். எபனேசர் பார்த்துவிட்டு, "செத்துப்போன மெஷினுக்கு எதுக்கண்ணே இவ்வளவு வைத்தியம்?" என்றான். நான் வெளியே பலகையைக் கைகாட்டினேன். அவன் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

எந்த மெஷினில் வைப்பது என்று யோசித்தது உண்மைதான். ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் நின்றால் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வேறு கடைக்குப் போவார்கள். வக்கீல் ஆபீசில் நின்றால் வக்கீலுக்குச் சந்தோஷம், வாய்தா வாங்கலாம். யாரும் எபனேசர் எங்கே என்று அலைய மாட்டார்கள். அலைகிற இடமாக இருக்க வேண்டும். கிளினிக்கை அவன்தான் பார்த்துக்கொண்டான், டாக்டரம்மா அவனைத் தவிர வேறு யாரையும் அந்த மெஷினைத் தொட விட மாட்டார். அதில் அவனுக்கு ஒரு பெருமை உண்டு.

அந்த மெஷின் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். அதை மாட்டியபோது நானும் போயிருந்தேன். நர்ஸ் பிலோமினா எங்களுக்கு விளக்கினாள். நான்கு தொட்டில், நான்கிலிருந்தும் ஒயர் இந்த ஒரே கம்ப்யூட்டருக்கு வருகிறது.

"கொறமாசத்துல பொறந்ததுங்க இல்லையா மாஸ்டர், அப்பப்ப மூச்சு விட மறந்துடும்."

"மறந்துட்டா?"

"இந்தப் பொட்டி கத்தும். நான் ஓடிப்போய் உள்ளங்கால்ல ஒரு சுண்டு சுண்டுவேன். 'அட, மூச்சு விடணும்ல'ன்னு அதுக்கு ஞாபகம் வந்துடும்."

எல்லோரும் சிரித்தோம். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு இவ்வளவு சின்ன வைத்தியமா என்று எனக்கு ஆச்சரியம். ஆக, எனக்குத் தெரியும். ஆனால் மெஷின் நின்றால் நர்ஸ் பார்த்துக்கொள்வாள் என்று இருந்தேன். அதற்குத்தானே நர்ஸ் இருக்கிறாள்?

பிப்ரவரி முதல் திங்கட்கிழமை அந்த மெஷின் தூசி தட்ட வந்தது. எபனேசர் ஊதி, துடைத்து, பசை வைத்து, திருகி மூடினான். டாக்டரம்மாவின் டிரைவர் வர அரை மணி நேரம் இருந்தது. எபனேசரை வாச்சே சோறு வாங்கிவர அனுப்பினேன், முட்டை இரண்டு வைக்கச் சொல் என்று சொல்லி அனுப்பினேன். நான்கு திருகு. கட்டியைத் தூக்கினேன். அவன் வைத்த பசையைத் துணியால் ஒரே இழுப்பில் துடைத்தேன். குனிந்து பார்க்கவில்லை. அவன் எப்போது திரும்புவானோ என்று என் கண் வாசலிலேயே இருந்தது. மேடம், இந்த விவகாரம் முழுவதிலும் நான் செய்த தப்பு அது ஒன்றுதான். துடைக்கும் முன் பார் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. பார்த்திருந்தால் அங்கே சிலுவை இல்லை என்று தெரிந்திருக்கும்.

பேஸ்ட்டால் சிலுவை போட்டேன். சின்ன வேலை, ஆனால் சுத்தமாக வந்தது. அவன் குறுக்குக்கோட்டை இடப்பக்கம் கொஞ்சம் நீட்டுவான், அதையும் மறக்கவில்லை. மூடிவிட்டுக் கை கழுவினேன். வாச்சே வந்தது, சாப்பிட்டோம். அந்தத் திங்கள் போக, பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை.

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நாற்பதுக்கு பிலோமினா கூப்பிட்டாள்.

"மாஸ்டர், இது டும்சோர் இல்ல. கரண்ட் இருக்கு, ஃபேன் ஓடுது. கம்ப்யூட்டர் மட்டும் தானா அணைஞ்சு போகுது. ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டேன்."

"அது எபனேசர் பாத்த மெஷின் சிஸ்டர். அவனைக் கூப்பிடுங்க."

"அவர் போனை அணைச்சு வச்சிருக்கார்."

"அப்படியா. வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்கதான் போறான்னு நீங்களே அவனைக் கேளுங்க."

"கேக்கறேன் மாஸ்டர், அப்புறம் கேக்கறேன். நீங்க கொஞ்சம் வாங்களேன். உள்ள ஒரு அம்மாவுக்கு வலி கண்டிருச்சு. நான் ஒருத்திதான் இருக்கேன். அங்க ஓடுறதா, தொட்டிலைப் பாக்கறதா?"

"அவன் வேலைல நான் கை வச்சா நல்லா இருக்காது. ரெண்டு மணிக்கு வந்துடுவான்."

இதில் நான் சொன்ன ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஒன்று இருபதுக்குக் குழந்தை இறந்தது. இரண்டு மணிக்கு எபனேசர் திரும்பி வந்தபோது கடை வாசலில் டாக்டரம்மா, டிரைவர், உங்கள் காவலர்கள் இருவர், டயர்க்காரர்கள், பாதித் தெரு நின்றது. செய்தி கேட்டு அவன் அம்மாவும் ஓடிவந்திருந்தார். எல்லோரும் அவனைக் கேட்டார்கள், எங்கேடா போனாய் என்று. நான் கேட்கவில்லை. அவன் அம்மாவைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான், வாயைத் திறக்கவில்லை. அதைவிடக் குற்றவாளி மாதிரி ஒரு மனிதனால் நிற்க முடியாது. நீங்கள் அவனை வண்டியில் ஏற்றினீர்கள்.

நான்காம் நாள் அவனைப் பார்க்கச் சாப்பாடு எடுத்துப்போனேன். டொமெடோ வாங்கிப் போனேன். கேலிக்காக இல்லை, மேடம். அவனுக்குப் பிடித்தது அது. பொட்டலத்தை முகர்ந்துவிட்டு அவன் திருப்பிக் கொடுத்தான்.

"இதை நான் சாப்பிடக் கூடாதுண்ணே."

"இன்னுமாடா வயிறு சரியாகல?"

கம்பிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான். "நான் முஸ்லிம் ஆயிட்டேண்ணே. அக்டோபர்லயே. மேமுனான்னு ஒரு பொண்ணு, சோங்கோவுல தையல் கடை வச்சிருக்கா. எனக்கு இப்ப இத்ரீஸ்னு பேரு. வெள்ளிக்கிழமை தொழுகைக்குத்தான் போவேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா உசுரை விட்டுடும். உங்ககிட்டயாவது சொல்லணும்னு எத்தனையோ தடவை வாயைத் தொறந்தேன். நீங்க காணிக்கைத் தட்டு எடுக்கிற ஆளு. உங்க மூஞ்சியைப் பாத்ததும் பயமா போயிடும்."

தையல் கடையைத் தாண்டி அன்று இன்னும் இருநூறு அடி நடந்திருந்தால் அவன் பள்ளிவாசல் படியில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்திருப்பேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னொண்ணுண்ணே. அந்த மெஷின்ல சிலுவை இருந்துச்சாம். நான் சிலுவை போட்டு நாலு மாசத்துக்கு மேல ஆகுது. பேரு மாத்துனதுக்கு அப்புறம் கை வரல. நடுவுல ஒரு புள்ளிதான் வைக்கிறேன். யாரோ என் கை மாதிரியே பண்ணியிருக்காங்க. யாரா இருக்கும்?"

என்னிடமே கேட்டான், மேடம். அவன் கண்ணில் துளிச் சந்தேகம் இல்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பதினோரு வருடம் பழகியும் இவன் என்னைப் புரிந்துகொள்ளவே இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

"புள்ளி விஷயத்தைப் போலீஸ்காரம்மாகிட்ட சொல்லிடட்டுமாண்ணே?"

"இப்ப வேணாம்டா. சொன்னா ஏன் மாத்தினேன்னு கேப்பாங்க, மேமுனா பேரு வரும், அம்மா காதுக்குப் போகும். ஒரு வாரம் பொறு. நான் அம்மாகிட்ட பக்குவமா பேசிக்கறேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அந்த ஒரு வாரத்தில் நான் அவன் அம்மாவிடம் பேசவில்லை. நேரம் இல்லை. அக்டோபருக்குப் பிறகு அவன் தனியாக வேலை பார்த்த மெஷின்கள் பதினொன்று. ஒவ்வொரு இடமாகப் போனேன். ஹர்மட்டான் தூசி ஏறியிருக்கும், இலவசமாகச் சுத்தம் செய்து தருகிறேன் என்றேன். யார் வேண்டாம் என்பார்கள்? திறந்து, புள்ளியைத் துடைத்து, சிலுவை போட்டு மூடினேன். எல்லாவற்றிலும் முதல் தரப் பசை. அந்த மெஷின்கள் இப்போது முன்னைவிட நன்றாக ஓடுகின்றன, வேண்டுமானால் அவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏழு முடித்தேன். மீதி நாலில் ஒன்று பூட்டிய ஆபீசில் இருந்தது, மற்ற மூன்றுக்கும் நாளை வா, மறுநாள் வா என்றார்கள். அதற்குள் எபனேசர் உங்களிடம் வாயைத் திறந்துவிட்டான். நீங்கள் பதினொன்றையும் தூக்கிவந்து திறந்தீர்கள். நாலில் காய்ந்த புள்ளி, ஏழில் ஈரம் காயாத சிலுவை, ஏழு பேரும் சொன்ன ஒரே பெயர் என்னுடையது, மாஸ்டர் யாவ் அசியாமா. நல்ல வேலை, மேடம். இதை மனசாரச் சொல்கிறேன்.

நேற்று அவனிடம் இதைச் சொன்னபோது அவன் நம்பவில்லை என்றீர்கள். 'எங்க அண்ணன் அப்படிப் பண்ற ஆளு இல்ல' என்று உங்களிடமே சண்டை போட்டானாமே. அவன் அப்படித்தான்.

குழந்தையைப் பற்றி நீங்கள் அதிகம் கேட்கவில்லை. ஆனால் நிமிர்ந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் பார்வையில் அதுதான் இருக்கிறது. நீங்களும் அசாந்திதான், நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. எட்டாம் நாள் விடியற்காலையில் குழந்தையை வெளியே கொண்டுவந்து, நாக்கில் தண்ணீரையும் மதுவையும் தொட்டு வைத்துப் பெயர் சொன்ன பிறகுதான் அது தங்க வந்த ஆள். அதுவரை விருந்தாளி. விருந்தாளி திரும்பிப் போனால் அந்தக் காலத்தில் தாயை அழக்கூட விட மாட்டார்கள். இது சனிக்கிழமை பிறந்தது, வெள்ளிக்கிழமை போனது. உங்கள் தாளில் பெயர் என்ற இடத்தில் 'அமா' என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெயர் இல்லை. சனிக்கிழமை பிறக்கும் பெண் எல்லாமே அமாதான். ஒரு கிழமைக்கு வைத்த பெயரை ஓர் ஆளுக்கு வைத்ததாக எழுதுவது சரியில்லை.

அதன் தாய் கெஜெடியா சந்தையில் துணி விற்கிறவள். போன வாரம் இந்த வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடிஞ்சா பேரு வச்சிருப்போம் மாஸ்டர். வெள்ளைத் துணியெல்லாம் எடுத்து மடிச்சு வச்சிட்டேன். ஒரே ஒரு ராத்திரிதான் பாக்கி இருந்துச்சு" என்றாள். நான் அவளை உட்காரவைத்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்து, வண்டி பிடித்து அனுப்பினேன். கெட்டவன் செய்கிற காரியமா அது?

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. பிலோமினாவின் போனிலிருந்து எனக்கு மூன்று அழைப்பு வந்திருக்கிறது, முதல் அழைப்புக்கும் குழந்தை இறந்ததற்கும் நடுவே நாற்பது நிமிடம் இருக்கிறது, அந்த நாற்பது நிமிடம் என்ன செய்தாய் என்கிறீர்கள். சரி. பேஸ்ட் வைத்தது நான். எபனேசரின் சிலுவையைப் போட்டது நான். ஏழு மெஷின்களைத் திறந்தது நான். இவை எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன், அவனை வெளியே விடுங்கள். ஆனால் குழந்தையைக் கொன்றதாக எழுதியிருக்கும் அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அது நடந்த நேரத்தில் நான் கடையில் உட்கார்ந்து ஃபுஃபுக் களி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், ஆட்டுக்கறி சூப்பில் தோய்த்து. இரண்டாவது தடவை கூப்பிட்டபோது, அவன் வந்துவிடுவான் என்று மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை விரல்கள் சூப்பில் இருந்தன, போனை எடுக்க முடியவில்லை. கிளினிக் ஐந்து நிமிட நடை, ஒத்துக்கொள்கிறேன். நல்ல பசை டியூப் என் சட்டைப்பையில் இருந்தது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. டயர்க்காரர்களைக் கேளுங்கள், எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த நாற்பது நிமிடம் நான் ஒன்றுமே செய்யவில்லை, மேடம்.